புளிக்காய்ச்சலும் கணிப்பொறியும்



மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும், இன்னும் தமிழகத்துக்கு வெளியே எந்தெந்த ஊர்களிலோ குடியேறி வாழும் தமிழன்பர்கள் அனைவருக்கும் கோலார் தங்கவயலிலிருந்து எங்கள் வணக்கம். தங்கவயல் என்ற பெயரைக் கேட்டதும், சுரங்கத்தின் ஆழத்தைப் பற்றியும் பொன்னின் விலையைப் பற்றியும் பேசப் போகிறோம் என்று எண்ணியிருப்பீர்கள். அவற்றைப் பற்றிப் பேச எங்களைவிடத் தகுதியுடைய முதியோர் இவ்வூரில் பலர் இருக்கின்றனர். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பெரியதொரு கணிப்பொறி நிரலைக் கட்டி முடிப்பதற்கு ஆகும் நேரத்தை எவ்வாறு குறைப்பது என்பதே அது. தங்கவயலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்களானால், அந்தத் தொடர்பு ரயில்வண்டியில் ஏறி வருகிறது. சற்றுப் பொறுத்திருந்து கேளுங்கள்.

எங்கள் ஊரின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்க வேலையைத் தொடங்கினர். வட ஆற்காடு, சித்தூர், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து எங்கள் பாட்டனார்கள் பிழைப்புத் தேடி வந்து சேர்ந்தனர். 1902 இல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் சுரங்கங்களில் மின்சாரம் ஓடிற்று என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு இன்றும் ஒரு பெருமை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. 2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன.

மூடிய பின்னர் ஊர் என்ன செய்தது? ரயிலேறியது. சுரங்கத்துக்காக 1894 இல் போடப்பட்ட இருப்புப்பாதை இன்று சுரங்கத் தொழிலாளரின் மக்களையும் பேரப்பிள்ளைகளையும் பெங்களூருக்குச் சுமந்து செல்கிறது. மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டி, சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையமாக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு பங்காரப்பேட்டை வந்து, அங்கிருந்து மாலூர், ஒயிட்ஃபீல்டு, கிருஷ்ணராஜபுரம் வழியாகப் பெங்களூரை அடைகிறது. போவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம்; வருவதற்கும் அவ்வளவே. கட்டட வேலைக்குப் போவோர், துணிக்கடைக்குப் போவோர், ஆஸ்பத்திரித் தாதியர், காவற்காரர், கல்லூரி மாணவர் என்று பலரும் அவ்வண்டியில் உண்டு. அவர்களுக்கு நடுவே, கணிப்பொறி நிரல் எழுதும் தொழிலுக்குப் போகின்ற எங்களைப் போன்ற சிலரும் உண்டு. நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்தை ரயிலில் செலவிடுவோருக்கு, மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று தெரியும்: ஐந்து நிமிடத் தாமதம் சில வேளைகளில் இரண்டு மணி நேரத் தாமதமாகிவிடும் என்பது.

எங்கள் பெட்டியில் ஆண்டர்சன்பேட்டையைச் சேர்ந்த ஒரு பெண் வருவார். அவருடைய பாட்டனார் சுரங்கத்தின் அடித்தளத்தில் வேலை செய்தவர். இவரோ ஒயிட்ஃபீல்டுக்கு அருகே ஓர் அலுவலகத்தில் நிரல் எழுதுகிறார். இரண்டரை வயதுக் குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டுக் காலை வண்டிக்கு வந்துவிடுவார். மாலை வண்டியைப் பிடித்தால் குழந்தை விழித்திருக்கும்போதே வீடு சேரலாம். அது தவறினால், பங்காரப்பேட்டை வரை வேறொரு வண்டியில் நின்றுகொண்டே வந்து, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ தேடி, குழந்தை உறங்கிய பின்புதான் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஒரு மழைக்காலத்தில், வாரத்துக்கு மூன்று நாள் அவரை மாலை வண்டியில் காணோம். காலையில் கேட்டோம். "என்ன செய்வது அண்ணா, நேற்றும் பில்ட் முடியவில்லை" என்றார்.

இந்த 'பில்ட்' என்பது யாது? அதைத்தான் இப்போது விளக்க வேண்டியிருக்கிறது.

கணிப்பொறிக்கு நாம் எழுதும் கட்டளைகள் நேரே விளங்குவதில்லை. சி, சி ப்ளஸ் ப்ளஸ் போன்ற மொழிகளில் மனிதர் எழுதுவதை இயந்திரத்துக்குரிய மொழியில் மாற்றித் தரும் வேலையைக் 'கம்பைலர்' என்னும் நிரல் செய்கிறது. நாம் அதனை மொழிமாற்றி என்று அழைப்போம். சிறிய நிரலாயின் ஒரே கோப்பில் எழுதிவிடலாம். பெரியதாயின், நூற்றுக்கணக்கான கோப்புகளாகப் பிரித்துப் பலர் எழுதுவர். மொழிமாற்றி அவற்றுள் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து மாற்றும். இறுதியில், மாற்றப்பட்ட துண்டுகளையெல்லாம் 'லிங்க்கர்' எனப்படும் மற்றொரு நிரல் ஒன்றாக இணைக்கும். இந்த முழு வேலைக்கும் சேர்த்துத் தொழில்முறையில் வழங்கும் பெயர்தான் பில்ட். இது முடிந்த பிறகே, எழுதியது ஓடுகிறதா என்று பார்க்க இயலும். அப்பெண்ணின் அலுவலகத்திலோ, முழு பில்ட்டை முடித்துச் சோதித்த பின்னரே அன்றைய வேலையை ஒப்படைக்கலாம் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் அங்கே முழு பில்ட்டுக்கு 50 நிமிடம் ஆயிற்று. மாலை ஐந்து மணிக்கு ஒரு பிழையைத் திருத்தினால், மாலை வண்டியைக் கைவிட வேண்டியதுதான்.

அந்த 50 நிமிடமும் மொழிமாற்றி உண்மையிலேயே புது வேலை செய்துகொண்டிருந்ததா? அன்று. இதுதான் பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி.

தனித்தனிக் கோப்புகளில் எழுதுகின்றவர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் பயன்படுத்த வேண்டும் அல்லவா? அதற்காக, 'இன்னின்ன பெயருடைய செயல்கள் உண்டு, அவை இன்னின்ன பொருள்களைப் பெற்றுக்கொள்ளும்' என்று அறிவிக்கின்ற கோப்புகளைத் தனியே எழுதிவைப்பர். இவற்றுக்கு 'ஹெடர்' அல்லது தலைப்புக் கோப்பு என்று பெயர். வேண்டிய கோப்பின் தலைப்பகுதியில் 'இன்க்ளூட்' என்ற கட்டளையோடு தலைப்புக் கோப்பின் பெயரை எழுதினால், மொழிமாற்றி அந்தத் தலைப்புக் கோப்பின் வரிகள் அனைத்தையும் அப்படியே அவ்விடத்தில் படியெடுத்து ஒட்டிக்கொள்ளும். வேறு நுட்பம் ஒன்றும் இதில் இல்லை. வெறும் படியெடுப்பு.

இந்த ஏற்பாடு 1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கிய காலத்தில் வந்தது. அன்று கணிப்பொறியின் நினைவகம் மிகச் சிறியது. தலைப்புக் கோப்புகளும் சில வரிகளே இருந்தன. அக்காலத்துக்கு அது சிக்கனமான வழி. அதன் பின்னர், 1979 இல் பியார்ன் ஸ்ட்ரவ்ஸ்ட்ரப் தொடங்கிய முயற்சி சி ப்ளஸ் ப்ளஸ் மொழியாக வளர்ந்தது. அதில் 'டெம்ப்ளேட்' என்னும் வார்ப்புகள் வந்தன. முன்பு வெறும் அறிவிப்பாக இருந்த தலைப்புக் கோப்புகளுக்குள் முழுச் செயல்களே குடிபுகுந்தன. ஒரு தலைப்பு இன்னொன்றை அழைக்கும். அது வேறு இரண்டை அழைக்கும். இன்று ஒரு வணக்கச் சொல்லைத் திரையில் காட்டும் ஐந்து வரி நிரல்கூட, 'ஐஓஸ்ட்ரீம்' என்ற ஒரு தலைப்பை அழைத்த மாத்திரத்தில், மொழிமாற்றியின் கண்முன்னே பல்லாயிரம் வரிகளாக விரிந்து நிற்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நிரலில் 500 கோப்புகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் தன் தலைப்புகளின் வாயிலாக 40,000 வரிகளை உள்ளே இழுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். மொழிமாற்றி படிக்க வேண்டிய வரிகள் 2 கோடி. இவற்றுள் பெரும்பாலானவை ஒரே வரிகள்! முதற்கோப்பில் படித்ததை இரண்டாம் கோப்புக்கு வரும்போது அது மறந்துவிடுகிறது. மீண்டும் முதல் எழுத்திலிருந்து படிக்கிறது. ஐந்நூறு முறை படிக்கிறது. ஐந்நூறு முறை மறக்கிறது. எழுதியவர் மாற்றியதோ ஒரு வரி.

எங்கள் பெட்டியில் வைண்டிங் எஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், பெங்களூரில் உள்ள மகனைப் பார்க்க அவ்வப்போது வருவார். இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "எங்கள் கதைதான் அப்பா இது" என்றார். ஆழமான தளங்களுக்கு ஒரே கூண்டில் இறங்கிவிட முடியாது. ஒரு குழி முடிந்த இடத்தில் நடந்து சென்று, மற்றொரு குழியில் வேறு கூண்டு ஏறி இறங்க வேண்டும். "பாறையிடம் போய்ச் சேர்வதற்கே பொழுது போய்விடும், பாறையைத் துளைத்த நேரம் எவ்வளவு என்று கேள்" என்றார். மொழிமாற்றியின் நிலையும் அதுவே. வேலை நடக்கும் தளத்தை அடைவதற்குள் பெரும்பொழுது கழிந்துவிடுகிறது.

இனி, இதற்குக் கண்ட பரிகாரத்தைச் சொல்வோம். வெளியூரில் வாழும் தமிழர்களுக்கு அதை விளக்குவது எளிது. ஊரிலிருந்து புறப்படும்போது அம்மா ஒரு புட்டியில் புளிக்காய்ச்சல் போட்டுக் கொடுத்தனுப்பியது உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? புளியைக் கரைத்து, நல்லெண்ணெயில் தாளித்து, வறுத்துப் பொடித்தவற்றைச் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை கொதிக்க வைப்பது ஒரு மணி நேரத்துக்கும் மேலான வேலை. அதை ஒரு நாள் செய்து வைத்துக்கொண்டால், பிறகு எந்த நாளும் சோற்றை மட்டும் வடித்துக் கலந்துகொள்ளலாம். ஒவ்வொரு வேளையும் புளியை ஊறவைப்பதிலிருந்து தொடங்குகிறவரைக் கண்டால் நாம் என்ன சொல்வோம்? இத்தனை ஆண்டுகளாகக் கணிப்பொறி அப்படித்தான் சமைத்துக்கொண்டிருந்தது.

தலைப்புக் கோப்புகளை முன்கூட்டியே ஒரு முறை மொழிமாற்றி வைத்துக்கொள்வதே அந்தப் பரிகாரம். ஆங்கிலத்தில் இதனை 'ப்ரீகம்பைல்டு ஹெடர்' என்கின்றனர். முன்மாற்றிய தலைப்பு என்று நாம் சொல்லலாம். எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவான தலைப்புகளையெல்லாம் ஒரே தலைப்பில் தொகுத்து, மொழிமாற்றியிடம் முதலில் அதை மட்டும் கொடுப்பர். மொழிமாற்றி அதைப் படித்து, எழுத்தெழுத்தாகப் பிரித்து, இலக்கணம் பார்த்து, பெயர்களையெல்லாம் தன் அட்டவணையில் பதிந்துகொள்ளும். படித்து முடித்த அந்த நிலையில் தன் மனத்தில் இருப்பது எதுவோ, அதை அப்படியே வட்டில் ஒரு கோப்பாகச் சேமித்துவிடும். அடுத்து வரும் ஒவ்வொரு கோப்பையும் மாற்றத் தொடங்கும்போது, பல்லாயிரம் வரிகளைப் படிப்பதற்குப் பதிலாக, சேமித்த நிலையை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கும். சேமித்த கோப்பு 100 மெகாபைட்டைத் தாண்டுவதும் உண்டு. இன்றைய வட்டுகளுக்கு அது ஒரு பாரம் அன்று.

இது நேற்று வந்த முறையும் அன்று. விண்டோஸ் நிரல்களுக்குரிய தலைப்புக் கோப்புகள் மிகப் பெரியவை. ஆதலால் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் நெடுங்காலமாகவே இவ்வசதியை அளித்து வருகிறது. பழைய நிரல்களைத் திறந்தவர்கள் 'எஸ்டிடிஏஎஃப்எக்ஸ்' என்ற விசித்திரமான பெயருடைய தலைப்பைக் கண்டிருப்பர். அதன் வேலை இதுதான். பலர் அதை என்னவென்று அறியாமலே, நீக்கினால் ஏதாவது ஆகிவிடும் என்று அஞ்சி விட்டுவைத்திருப்பர். புதிய பதிப்புகளில் அதன் பெயர் 'பிசிஎச்' என்று சுருங்கிவிட்டது. கட்டணமின்றிக் கிடைக்கும் ஜிசிசி மொழிமாற்றிக்கு 3.4 ஆம் பதிப்பில், 2004 ஆம் ஆண்டில் இவ்வசதி வந்தது. கிளாங் என்னும் மொழிமாற்றியிலும் இது உண்டு. அது சேமித்த கோப்பிலிருந்து தேவைப்படும் பகுதியைத் தேவைப்படும்போது மட்டும் எடுத்துக்கொள்கிறது. பில்ட் வேலையை ஒழுங்குபடுத்தும் சிமேக் என்னும் கருவியில் 2019 இல் வந்த 3.16 ஆம் பதிப்பு முதல் ஒரே கட்டளையில் இதை அமைத்துவிடலாம். அதற்கு முன்னர் ஒவ்வொரு மொழிமாற்றிக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. அந்தத் தொல்லைக்கு அஞ்சியே பலர் இப்பக்கம் வரவில்லை.

அப்பெண்ணின் அலுவலகத்திலும் யாரும் வரவில்லை. முதலில் மேலாளரிடம் இரண்டு நாள் அனுமதி பெறுவதே பெரும்பாடாயிற்று. "பில்ட் ஓடும்போது தேநீர் குடித்து வரலாமே" என்று அங்கே ஒருவர் சொன்னாராம். நகரத்திலேயே வீடுள்ளவர்கள் இவ்வாறு சொல்வது இயல்பு. அனுமதி கிடைத்த பிறகு, எந்தெந்தத் தலைப்புகளைத் தொகுப்பில் சேர்ப்பது என்ற கேள்வி வந்தது. அதை மாலூருக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் இடையே எங்கள் பெட்டியில் பல நாள் விவாதித்தோம். கையில் தாளை வைத்துக்கொண்டு, எந்தத் தலைப்பை எத்தனை கோப்புகள் அழைக்கின்றன, சென்ற ஓராண்டில் அது எத்தனை முறை திருத்தப்பட்டது என்று இரண்டு பத்திகளாகக் குறித்துக்கொண்டோம். இந்த இரண்டாவது பத்திதான் முக்கியமானது. ஆனால் முதல் முயற்சியில் எங்கள் கண் முதற்பத்தியிலேயே நின்றுவிட்டது.

அதன் பலனை உடனே கண்டோம். அந்த அலுவலகத்தாரே எழுதிய ஒரு தலைப்புக் கோப்பு, ஏறக்குறைய எல்லாக் கோப்புகளாலும் அழைக்கப்பட்டது. ஆகவே அதையும் தொகுப்பில் போட்டுவிட்டோம். முதல் நாள் பில்ட் 50 நிமிடத்திலிருந்து 20 நிமிடத்துக்கு இறங்கியது. அப்பெண் மாலை வண்டியில் வந்து இடம் பிடித்து உட்கார்ந்தார். அடுத்த நாளே முகம் வாடிற்று. அந்தத் தலைப்பை யாராவது ஒருவர் நாள்தோறும் தொட்டுத் திருத்திக்கொண்டிருந்தனர். தொகுப்பில் ஒரு வரி மாறினாலும் சேமித்தது செல்லாது. தொகுப்பை மீண்டும் மாற்ற வேண்டும். அதைச் சார்ந்த எல்லாக் கோப்புகளையும் மீண்டும் மாற்ற வேண்டும். முன்பு சிறு திருத்தத்துக்குப் பத்துக் கோப்புகளோடு முடிந்த வேலைகூட இப்போது அறுநூறு கோப்புகளுக்கும் பரவிற்று. புளிக்காய்ச்சலில் தேங்காய்த் துருவலைப் போட்டுப் புட்டியில் அடைத்தால் என்ன ஆகும்? மறுநாள் முழுவதையும் கொட்ட வேண்டியதுதான். மொழியோடு வரும் நிலைத்த தலைப்புகளையும், வெளியிலிருந்து வாங்கிய, ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே மாறும் தலைப்புகளையும் தொகுப்பில் நிறுத்திக்கொண்டு, நாள்தோறும் மாறுவனவற்றை வெளியே எடுத்தோம். பில்ட் 23 நிமிடத்தில் நின்றது. மூன்று நிமிடம் கூடியதுதான். ஆனால் அந்த 23 நிமிடம் நாளைக்கும் 23 நிமிடமாகவே இருந்தது. ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு வேகத்தைவிட இந்த நிச்சயம் பெரிது.

இரண்டாவது சங்கடம் இன்னும் வேடிக்கையானது. எங்கள் கூட்டத்தில் மற்றொருவர் தம் அலுவலகத்தில் ஜிசிசியைக் கொண்டு இதே ஏற்பாட்டைச் செய்தார். தொகுப்பை மாற்றி வைத்தார். சேமித்த கோப்பு வட்டில் இருந்தது. பிழை எதுவும் காட்டவில்லை. ஆனால் நேரம் ஒரு நிமிடமும் குறையவில்லை. இரண்டு வாரம் எங்கள் எல்லாருடைய மூளையையும் குழப்பினார். காரணம் இதுதான்: சேமித்தபோது மொழிமாற்றிக்குக் கொடுத்த விருப்பக் குறிகளும், பயன்படுத்தும்போது கொடுக்கும் குறிகளும் பொருந்தி இருத்தல் வேண்டும். அவருடைய ஏற்பாட்டில் ஒரு குறி வேறுபட்டிருந்தது. பொருந்தாவிட்டால் ஜிசிசி கூச்சல் போடுவதில்லை. சேமித்ததை ஒதுக்கிவிட்டு, பழையபடி முழுத் தலைப்பையும் படித்துக்கொண்டு போய்விடும். விளைவு சரியாகவே இருக்கும், ஆதலால் ஐயமும் எழாது. 'ஹெச்' என்ற பெரிய எழுத்துக் குறியைக் கொடுத்து ஓட்டினால், மொழிமாற்றி தான் திறந்த தலைப்புகளின் பட்டியலைக் காட்டும். அதில் முன்மாற்றிய தலைப்புக்கு முன்னே ஆச்சரியக்குறி இருந்தால் அது ஏற்கப்பட்டது. 'எக்ஸ்' குறி இருந்தால் தள்ளப்பட்டது. பட்டியலைப் பார்த்தால் அரை நிமிடத்தில் விளங்கியிருக்கும். இதைப் பயன்படுத்த விரும்பும் இளைஞர்கள் யாரேனும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், முதல் நாளே அந்தப் பட்டியலைப் பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். மற்றொன்றும் உண்டு. கோப்பில் வேறு எந்தக் கட்டளையும் வருவதற்கு முன்னரே இந்தத் தலைப்பு அழைக்கப்பட வேண்டும். ஒரு கோப்புக்கு ஒரு முன்மாற்றிய தலைப்பைத்தான் ஜிசிசி ஏற்கும்.

மூன்றாவதைக் கண்டுபிடித்தவர் எங்களில் ஒருவர் அல்லர். அதற்கு வழி சொன்னவர், மேலே குறிப்பிட்ட அந்த வைண்டிங் எஞ்சின் பெரியவர். முன்மாற்றிய தலைப்பு எல்லாக் கோப்புகளுக்கும் முன்னே தானாகவே வந்து நின்றுவிடுவதால், எழுதுகின்றவர்கள் தமக்கு வேண்டிய தலைப்பைக் கோப்பில் அழைக்க மறந்துவிடுகின்றனர். மறந்தாலும் பில்ட் ஓடுகிறது. பின்னொரு நாள் அக்கோப்பை வேறொரு நிரலுக்கு எடுத்துச் செல்லும்போதுதான், எது எதைச் சார்ந்தது என்று தெரியாமல் திகைக்க நேர்கிறது. இதை நாங்கள் கவலையோடு பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "தினமும் கயிற்றைப் பார்ப்பீர்களா?" கூண்டை இறக்கும் இரும்புக் கயிற்றை நேற்றுப் பார்த்தோம் என்று இன்று பாராமல் விடுவதில்லையாம், ஒவ்வொரு நாளும் சோதித்த பிறகே ஆட்களை இறக்குவார்களாம். அவருக்குக் கணிப்பொறி தெரியாது. ஆனால் அவர் சொன்னதையே செய்தோம். அலுவலகத்தில் எவரும் இல்லாத இரவு வேளையில், முன்மாற்றிய தலைப்பை ஒதுக்கிவிட்டு முழு பில்ட்டை ஒரு முறை தானே ஓடும்படி அப்பெண் அமைத்துவிட்டார். மறந்துபோன அழைப்புகள் எல்லாம் காலையில் பிழைப் பட்டியலாக மேசையில் காத்திருக்கும். இரவில் ஓடும் பில்ட்டுக்கு 50 நிமிடம் ஆனால் என்ன, 100 நிமிடம் ஆனால் என்ன? எந்த வண்டியும் தவறுவதில்லை.

எல்லா நிரல்களுக்கும் இது தேவை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பத்துக் கோப்புள்ள சிறு நிரலுக்கு இதை அமைப்பது, ஒருவர் சாப்பிட ஓர் அண்டா புளிக்காய்ச்சல் காய்ச்சுவது போன்றது. நேரம் வேறிடத்தில் போகின்ற நிரல்களும் உண்டு. துண்டுகளை இணைக்கும் லிங்க்கரில் நேரம் போகுமாயின் முன்மாற்றிய தலைப்பு அதைத் தொடாது. முதலில் அளந்து பார்த்துவிட வேண்டும். வேறு வழிகளும் இருக்கின்றன. ஒரு பெயர் உண்டு என்று மட்டும் அறிவித்தால் போதுமான இடத்தில், முழுத் தலைப்பையும் அழைக்காமல் அந்த அறிவிப்பை மட்டும் எழுதிவிடலாம். இதுவே எல்லாவற்றினும் மலிவான மருந்து, ஆனால் பொறுமை வேண்டும். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்பவர் எழுதத் தொடங்கிய 'சிகேஷ்' என்னும் கருவி, முன்பு மாற்றிய கோப்பு மாறாமலே மீண்டும் வந்தால் பழைய விளைவை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. 2020 ஆம் ஆண்டின் சி ப்ளஸ் ப்ளஸ் தரநிர்ணயத்தில் 'மாட்யூல்' என்னும் புதிய ஏற்பாடே வந்துவிட்டது. படியெடுத்து ஒட்டும் அந்த ஐம்பதாண்டுப் பழக்கத்தையே மாற்றுவது அதன் நோக்கம். ஆனால் ஆண்டுக்கணக்காக எழுதிக் குவித்த பழைய நிரல்கள் அவ்வளவு விரைவில் புது வீட்டுக்குக் குடிபெயர்வதில்லை. எங்கள் ஊர் லைன் வீடுகளில் இன்னும் மக்கள் குடியிருக்கவில்லையா? அந்தப் பழைய நிரல்களை நாள்தோறும் கட்டியாக வேண்டியவர்களுக்கு, இரண்டு நாள் வேலையில் கைக்கு வரும் வழி இன்றும் இந்த முன்மாற்றிய தலைப்புத்தான் என்பது எங்கள் கருத்து.

அப்பெண்ணின் அலுவலகத்தில் இப்போது மற்றவர்களும் இதைக் கற்றுக்கொண்டனர். தேநீர் குடித்து வரலாம் என்றவர்தான் இன்று தொகுப்பில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கலாகாது என்று மிகக் கண்டிப்பாகப் பார்ப்பவராம். யாராவது நாள்தோறும் மாறும் தலைப்பைச் சேர்க்க வந்தால், "தேங்காய் போடாதே" என்கிறாராம். அவர் தமிழர் அல்லர்; அந்தச் சொற்களை மட்டும் அப்பெண்ணிடம் தமிழில் கற்றுக்கொண்டிருக்கிறார்.

சென்ற வாரம் ஒரு மாலை, வண்டி பங்காரப்பேட்டையில் நின்று, எங்கள் கிளைப்பாதையில் திரும்பி, சைனைடு மண்மேடுகள் தெரியும் இடத்துக்கு வந்தபோது இன்னும் சிறிது வெளிச்சம் இருந்தது. அப்பெண் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். மறுமுனையில் குழந்தை ஏதோ கேட்டது போலும். "இதோ வந்துவிட்டேன் கண்ணே, சாம்பியன் தாண்டியாயிற்று" என்றார். அப்போது வண்டி ஊரிகத்தைக்கூடத் தாண்டவில்லை. நாங்கள் ஒருவரும் திருத்தவில்லை.